எதிர்ச் சுவரோரம் நின்ற அத்தாவுக்கு

அத்தா,

இன்று காலை முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து நம் வீட்டுக் கிணற்றில் மருந்து போட்டுவிட்டுப் போனார்கள். வாளியில் கரைத்து, கயிற்றில் இறக்கி, நாலைந்து தரம் மேலும் கீழும் ஆட்டினார்கள். கொஞ்ச நேரத்தில் கிணறு முழுக்க நாவல்பழச் சாறு ஊற்றியதுபோல் ஆகிவிட்டது. பிள்ளைகள் எட்டிப் பார்த்துக் கைகொட்டிச் சிரித்தார்கள். நான் அடுப்படிக்குள் போய்க் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈர இரும்பை மூக்கருகே வைத்ததுபோன்ற அந்த வாடை உள்ளே வரைக்கும் வந்தது.

"ஊருக்குள்ள வந்திருச்சாண்ணே?" என்று திரைக்குப் பின்னால் நின்றபடி கேட்டேன்.

"சும்மா முன்ஜாக்கிரதைக்குத்தாம்மா. பயப்படாதீக" என்றார் மருந்து போட்டவர். அடுத்த வீட்டுக்குப் போகிற அவசரம் அவர் குரலில் இருந்தது. அந்த அவசரம்தான் என்னைப் பயமுறுத்தியது.

நீங்கள் இல்லாமல் வருகிற முதல் கோடை இது. அம்மாவைத் தனியே விட மனமில்லாமல் நாங்கள் நான் வாழ்க்கைப்பட்ட வாடிப்பட்டியை விட்டு இங்கேயே குடிவந்துவிட்டோம். இந்த வீட்டில் பயப்படுகிற வேலை இத்தனை காலம் உங்களுடையதாக இருந்தது. இப்போது அது எனக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

உங்களைப்போல் பயந்த மனிதரை நான் பார்த்ததில்லை என்று எழுதினால் நீங்கள் கோபித்துக்கொள்ள மாட்டீர்கள். படுக்கப் போகுமுன் தாழ்ப்பாளை மூன்று தரம் இழுத்துப் பார்ப்பீர்கள். அந்தியில் மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது நாங்கள் மூன்று பெண்களும் வீட்டுக்குள் இருக்க வேண்டும். ஒவ்வொருத்தி முகத்தையும் பார்த்த பிறகுதான் தொப்பியைப் போட்டுக்கொண்டு பள்ளிவாசலுக்குக் கிளம்புவீர்கள். மீன் குழம்பு வைத்த அன்று, கல்யாணமாகிப் போன எனக்கும்கூட முள்ளை எடுத்து எடுத்து வைப்பீர்கள். "ஒங்க அத்தாவுக்கு நெழலு அசைஞ்சாலும் பயம்" என்று அம்மா சிரிப்பாள்.

அப்படிப்பட்ட மனிதர் நடத்தியது சோடா கம்பெனி. அதுதான் எனக்கு ஆச்சரியம். தெற்குவாசலில் அந்தச் சின்னக் கட்டடம், கையால் சுற்றுகிற மிஷின், சுவரோரம் கேஸ் சிலிண்டர், சாக்கு போர்த்திய பெட்டிகள். எந்த பாட்டில் எப்போது வெடிக்கும் என்று யாருக்கும் தெரியாது. உங்கள் இரண்டு முன்கையிலும் கண்ணாடி கீறிய தழும்புகள் கோடு கோடாய்க் கிடக்கும். இவ்வளவு பயந்தவர் ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். "பயந்தவன் கைதாம்மா பாட்டில மெதுவாப் புடிக்கும்" என்றீர்கள். உங்களிடம் வேலை பார்த்த ஆறு பேரில் ஒருவருக்கும் கண் போனதில்லை, விரல் போனதில்லை. அந்தத் தொழிலில் அது பெரிய காரியம் என்று அம்மாவோடு பிறந்த காதர் மாமு சொல்வார்.

நோய் வந்த அந்த வருடம் நான் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தேன். எனக்குப் பதினெட்டு வயது. நான் வழுக்கிவிடக் கூடாது என்று முற்றத்துக் கல் முழுக்கத் தேங்காய்நார்ப் பாயை விரித்து வைத்தீர்கள். அது நனைந்து நாறியபோதும் எடுக்க விடவில்லை.

சித்திரைத் திருவிழா முடிந்து சனம் ஊர் திரும்பியது. வைகையில் தண்ணீர் குட்டை குட்டையாகத் தேங்கிக் கிடந்தது. முதலில் பின் தெருவில் ஒரு சாவு. மறுநாள் அதே வீட்டில் இரண்டு. யாரும் காலரா என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லவில்லை. நம் சனம் 'வபா' என்று மெல்லச் சொன்னது. மற்றவர்கள் 'அந்தக் கழிச்சல்' என்றார்கள். தெருவில் பிள்ளைகள் சத்தம் நின்றுபோனது. பிணம் எடுக்க, சுண்ணாம்புத் தூள் ஏற்றிய வண்டி ஒன்று காலையும் மாலையும் சக்கரம் கிரீச்சிட்டபடி போகும். அது நம் வாசலைத் தாண்டிப் போகும் வரைக்கும் அம்மா என் தலையில் கை வைத்துக்கொண்டு ஓதுவாள்.

நீங்கள் கம்பெனியை அடைத்துவிட்டீர்கள். யாரும் அடைக்கச் சொல்லவில்லை. வெயில் கொளுத்துகிறது, ஊரே தாகத்தில் கிடக்கிறது, உங்களுக்கு வருடத்தில் அந்த இரண்டு மாதம்தான் வியாபாரம். காதர் மாமு வீட்டுக்கே வந்து சத்தம் போட்டார்.

"என்ன மச்சான் இது? அவனவன் ராப்பகலா மிஷின் ஓட்டுறான். நீங்க பூட்டப் போட்டுட்டு ஒக்காந்திருக்கீக."

"தண்ணி மேல எனக்குச் சந்தேகமா இருக்கு மாப்ள."

"குழாய்த் தண்ணி நல்ல தண்ணின்னு சுகாதார இன்ஸ்பெக்டரே சொல்லிட்டுப் போறாரு."

"நல்லதாத்தான் இருக்கும். ஆனா எனக்குச் சந்தேகமா இருக்கே. சந்தேகத்தப் புட்டியில அடைச்சு எவன் புள்ளைக்குக் குடுக்கச் சொல்ற?"

அத்தோடு மாமு எழுந்து போய்விட்டார். வேலையாட்களை அவரவர் ஊருக்கு அனுப்பினீர்கள். கருப்பையா மட்டும் காவலுக்கு நின்றுகொண்டான். கீழக்குயில்குடிக்காரன். நம் வீட்டுக்குப் பெட்டி தூக்கி வரும்போது பார்த்திருக்கிறேன். வாசலுக்கு வெளியிலேயே நின்று, "தாயீ, சோடா வந்திருக்கு" என்று குரல் கொடுப்பான். ஊரில் பெண்டாட்டியும் கைக்குழந்தையும் இருந்தார்கள்.

மூன்றாம் நாள் மதியச் சாப்பாட்டுக்கு நீங்கள் வரவில்லை.

சோறு ஆறிப்போனது. அம்மா வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். பிறகு தெருவில் உங்கள் குரல் கேட்டது. நான் ஜன்னல் வழியே பார்த்தேன். நீங்கள் தெருவுக்கு அந்தப் பக்கம், எதிர்வீட்டுச் சுவரோரம் நின்றிருந்தீர்கள். தொப்பி இல்லை. வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருந்தீர்கள்.

"யாரும் வெளிய வராதீக" என்றீர்கள். "கருப்பையாவுக்கு வந்திருச்சு."

அம்மா நெஞ்சில் கை வைத்தாள். "கொட்டகைக்கு அனுப்பிட்டு, குளிச்சிட்டு வாங்க."

ஊருக்கு வெளியே நோயாளிகளுக்குக் கொட்டகை போட்டிருந்தார்கள். அங்கே போனவர்கள் திரும்பியதில்லை என்று சனம் நம்பியது.

"கொட்டகைக்கு மட்டும் அனுப்பிறாதீக மொதலாளின்னு காலப் புடிச்சிட்டான். காதர் சைக்கிள்ல அவன் ஊருக்குப் போயிட்டு வந்துட்டாரு. ஊர் எல்லையில முள்ள வெட்டிப் போட்டு மறிச்சிருக்காக. பொண்டாட்டி வாரேன்னு அழுதிருக்கா. போனா திரும்பி உள்ள விட மாட்டோம்னுட்டாக. கைப்புள்ளக்காரி, என்ன செய்வா?"

"அதுக்கு? அவனுக்கு ஊரு இல்லேன்னா நீங்களா? உள்ள மாசமா இருக்கிற புள்ளைய நெனச்சுப் பாத்தீகளா?"

நீங்கள் ஜன்னலைப் பார்த்தீர்கள். என்னைத்தான் பார்த்தீர்கள். கைகளை இறுகக் கட்டிக்கொண்டீர்கள். "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மறுநாள் விடிந்து வெகுநேரம் கழித்து எனக்கு வாந்தி வந்தது.

ஒரு தரம், இரண்டு தரம். அடிவயிறு முறுக்கியது. அம்மா என்னைப் பார்த்த பார்வையில் நான் ஏற்கெனவே செத்துப்போயிருந்தேன். தங்கச்சிகள் இருவரையும் மாடிக்கு ஏற்றி, படிக்கதவைச் சாத்தினாள். குழந்தை பிறக்க இன்னும் இருபது நாள் இருந்தது. அதனால் பிரசவ வலி என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. வயிற்றில் பிள்ளை உதைத்தது. நான் போகும்போது இதையும் கூட்டிக்கொண்டு போகிறேனே என்றுதான் நினைத்தேன்.

காதர் மாமு ஓடிப்போய் உங்களிடம் சொல்லியிருக்கிறார். நீங்கள் வந்தீர்கள். அதே சுவரோரம் நின்றீர்கள். வெயில் உங்கள் தலையில் நேரே அடித்தது.

"கண்ணு குழி விழுந்திருக்கா பாரு!" என்று கத்தினீர்கள்.

"இல்லீங்க!" என்று அம்மா உள்ளிருந்து கத்தினாள்.

"கைத் தோலக் கிள்ளி விட்டுப் பாரு. கிள்ளுன மேனிக்கே நிக்குதா?"

"இல்ல, தாந்து போகுது!"

"விரலு நுனி சுருங்கிருக்கா? குரலு கம்மிருக்கா?"

ஒரு பகலும் ஓர் இரவும் கருப்பையாவின் உடம்பில் பார்த்ததையெல்லாம் ஒவ்வொன்றாக என் உடம்பில் தேடச் சொன்னீர்கள். பிறகு தணிந்த குரலில், "வலி விட்டு விட்டு வருதான்னு கேளு. இடுப்புலேர்ந்து வருதான்னு கேளு" என்றீர்கள்.

விட்டு விட்டுத்தான் வந்தது. இடுப்பிலிருந்துதான் வந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டாள்.

மருத்துவச்சி நாலு தெரு தள்ளி இருந்தாள். மாமு போய்க் கூப்பிட்டதற்கு, வபாக்காரனைத் தொட்டவர் வீட்டுக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாளாம். அதன்பின் நீங்களே போனீர்கள். என்ன பேசினீர்கள் என்று பிற்பாடு அவள் வாயாலேயே கேட்டேன். அவள் வீட்டுக்குத் தூரத்தில் நின்றுகொண்டு, "அக்கா, நான் அந்த வீட்டுக்குள்ள நேத்துக் காலையிலேர்ந்து போகல. இன்னிக்கும் போக மாட்டேன். நான் முன்னாடி தள்ளி நடக்கிறேன், நீங்க பின்னாடி வாங்க. எம் வாசலத் தாண்டி நான் போயிர்றத ஒங்க கண்ணாலயே பாத்துட்டு, பெறகு உள்ள போங்க" என்றிருக்கிறீர்கள்.

அப்படியேதான் நடந்தது. வலியின் நடுவே உங்கள் செருப்புச் சத்தம் தெருவில் வருவது எனக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? அத்தா வந்துவிட்டார், இனி ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். வாசலுக்கு நேரே வந்தது. "அத்தா!" என்று கத்தினேன். செருப்புச் சத்தம் நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம் நின்றிருக்கும். பிறகு தாண்டிப் போய்விட்டது.

உங்களிடம் சொல்லாமல் நான் வருடக்கணக்காக வைத்திருந்தது அதுதான். என் கல்யாணத்துக்கும், என் பிள்ளைகளுக்கும், என் ஒவ்வொரு காய்ச்சலுக்கும் நீங்கள் பட்ட பாடு எல்லாம் ஒரு தட்டில் இருந்தது. இன்னொரு தட்டில் அந்தச் செருப்புச் சத்தம்.

பிற்பகல், அஸருக்குக் கொஞ்சம் முன்னால் கதீஜா பிறந்தாள். அம்மா அவளைத் துணியில் சுற்றி, வாசற்படியில் நின்று தூக்கிக் காட்டினாள். "பொண்ணுங்க! ரெண்டு உசுரும் நல்லா இருக்கு!" நீங்கள் எதிர்ச் சுவரோரம் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டீர்களாம். பிறகு எழுந்து, மேற்கே திரும்பி, காதில் விரலை வைத்துக்கொண்டு பாங்கு சொன்னீர்கள். பிறந்த பிள்ளையின் காதில் மெல்லச் சொல்ல வேண்டிய பாங்கை, ஒரு தெருவின் அகலத்தைத் தாண்டிக் கேட்க வேண்டுமென்று தொண்டை கிழியச் சொன்னீர்கள். நாலு பேர் இருக்கிற இடத்தில் குரலை உயர்த்திப் பேசக் கூசுகிற மனிதர் நீங்கள். அடைத்துக் கிடந்த ஜன்னல்கள் ஒன்றிரண்டு திறந்தன. என் பக்கத்தில் கிடந்த பிள்ளை அழுகையை நிறுத்தியதா, அது என் நினைப்பா என்று தெரியவில்லை.

அடுத்த நாள் அந்தியில் கருப்பையா இறந்தான். சுண்ணாம்பு வண்டியில் கொடுக்க நீங்கள் சம்மதிக்கவில்லை. தோள் கொடுக்க ஆள் வரவில்லை. நீங்களும் காதர் மாமுவும் சோடாப் பெட்டி ஏற்றுகிற தள்ளுவண்டியில் அவனை வைத்து ஆற்றங்கரைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோனீர்கள். கொள்ளி யார் வைப்பது என்று அங்கிருந்தவர் கேட்டபோது, "அவன் மகனுக்காக நீங்களே வைங்கண்ணே. எனக்கு ஒங்க முறை தெரியாது. தப்பாப் போயிரக் கூடாது" என்றீர்களாம். எட்டு நாள் கம்பெனியிலேயே தனியாகக் கிடந்தீர்கள். பிறகு வீட்டுக்கு வந்து, நகத்தை ஒட்ட வெட்டி, வேப்பிலைத் தண்ணீரில் இரண்டு தரம் குளித்துவிட்டும் கதீஜாவைத் தொடவில்லை. என் மடியில் வைத்துத்தான் பார்த்தீர்கள். அவள் நாற்பதாம் நாளில்தான் முதன்முதலாகக் கையில் வாங்கினீர்கள்.

நோய் போனது. பேச்சு போகவில்லை. காலராவில் ஆள் செத்த சோடா கம்பெனி என்று பெயர் விழுந்துவிட்டது. நீங்கள் எல்லா பாட்டிலையும் அண்டாவில் போட்டுக் கொதிக்க வைத்தீர்கள். மிஷினைக் கழற்றிக் கழுவினீர்கள். சுவரை வெள்ளையடித்தீர்கள். ஒரு கடைக்காரரும் பெட்டி எடுக்கவில்லை. வழக்கமாக வாங்குகிற டி. கல்லுப்பட்டிச் சந்தைக்காரர்கள் உங்களைக் கண்டால் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

"ஒங்க பொண்ணுகளக் கூட்டியாந்து கம்பெனி வாசல்ல வச்சு ஆளுக்கொரு சோடா குடிக்கச் சொல்லுங்க மச்சான். சனம் பாத்துட்டுத் தானா வரும்" என்றார் மாமு.

நீங்கள் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தரம்தான். "எம் புள்ளைக என்ன வெளம்பரப் பலகையா?" என்றீர்கள். அம்மாவிடம் பிறகு மெல்லச் சொன்னீர்கள்: "எம்புட்டுக் கழுவுனாலும் எனக்கே இன்னும் பயம் போகல. எனக்குப் போகாம, அதுகள எப்படிக் குடிக்கச் சொல்லுவேன்?"

அந்தப் பதிலில் வியாபாரம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. ஐந்து மாதம் மிஷின் சும்மா கிடந்தது.

ஐப்பசி மழை பெய்து ஓய்ந்த ஒரு காலையில் பேச்சியம்மா வந்தாள், கருப்பையாவின் பெண்டாட்டி. இடுப்பில் பிள்ளையோடு கீழக்குயில்குடியிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். கம்பெனி வாசலில் நின்று உங்களிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்.

"கடைசியில தனியாவா கெடந்தாரு?"

"இல்ல தாயீ. நான் பக்கத்துல இருந்தேன்."

அவள் அழுது முடிக்கும் வரைக்கும் நீங்கள் நின்றீர்கள். பிறகு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, குடிக்க ஒரு சோடா கேட்டாள். நீங்கள் தயங்கினீர்கள். பானைத் தண்ணீர் தருகிறேன், காய்ச்சி ஆற வைத்தது என்றீர்கள். "சோடாவே குடுங்க. அவரு கையால சுத்துன மிஷினு" என்றாள். அந்தக் காய்ச்சிய தண்ணீரையே மிஷினில் அடைத்துக் கொடுத்தீர்கள். தெருவில் போனவர்கள் நின்று பார்க்க, வாசலிலேயே நின்று முழு பாட்டிலையும் குடித்தாள். "எம் புருசன் செத்த எடம். எனக்கில்லாத பயம் ஒங்களுக்கு என்னய்யா?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள். அடுத்த வாரம் முதல் பெட்டி போனது. பேச்சியம்மாவை பாட்டில் கழுவுகிற வேலைக்குக் கேட்டு நீங்கள் சேர்த்துக்கொண்டதும், அவள் இன்றும் அங்கேதான் இருக்கிறாள் என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

அன்று உங்கள் வாயால் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்குச் சந்தோஷம் வரவில்லை அத்தா. அவன் பக்கத்தில் இருந்தீர்கள், என்னைத் தாண்டிப் போனீர்கள். அது மட்டும்தான் காதில் நின்றது. இரண்டு வருடம் கழித்து ஒருநாள் கதீஜாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். அப்போது திடீரென்று கேட்டேன்.

"அன்னிக்கு நான் கூப்பிட்டது கேட்டுச்சா அத்தா?"

எந்த நாள் என்று நீங்கள் கேட்கவில்லை. சோற்றுக் கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தீர்கள்.

"கேட்டுச்சு. நின்னேன்ல. நின்னா உள்ள வந்துருவேன், வந்தா அந்தம்மா திரும்பிப் போயிரும். அதான் போனேன்." கையிலிருந்த உருண்டையைக் கதீஜாவுக்கு ஊட்டினீர்கள். "ரெண்டு பக்கமும் பயமா இருந்துச்சும்மா. ஒனக்கு ஒங்க அம்மா இருந்தா. அவனுக்கு யாரும் இல்ல. அம்புட்டுதான்."

அன்று எனக்கு அந்தப் பதில் போதவில்லை. போதாது என்று உங்களுக்கும் தெரிந்திருக்கும். அதன்பின் நாம் அதைப் பேசவே இல்லை.

போன வருடம் ரஜப் மாதத்தில் ஒரு காலை உங்களுக்கு நெஞ்சு வலித்தது. டாக்டர் வந்து பார்த்துவிட்டு அம்மாவிடம் ஏதும் சொல்லாமல் மாமுவை வெளியே அழைத்துப் போனார். நான் வாடிப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி ஓடிவந்தேன். தலைமாட்டில் அம்மா யாசீன் ஓதிக்கொண்டிருந்தாள். நீங்கள் என் மணிக்கட்டைப் பிடித்தீர்கள்.

"பயமா இருக்கும்மா" என்றீர்கள்.

"நான் இருக்கேன் அத்தா."

"கருப்பையாவும் இப்படித்தான் எங் கையப் புடிச்சிருந்தான், பகல் பூரா. வெறும் கைதானே, இது என்னத்தச் செஞ்சிரப் போகுதுன்னு அன்னிக்கு நெனச்சேன்." மூச்சு வாங்கியது. கண்ணை மூடி, மறுபடி திறந்தீர்கள். "செய்யுதும்மா. விட்றாத."

நான் விடவில்லை. மதியம் லுஹருக்குப் பாங்கு சொன்னபோதும் விடவில்லை. உங்கள் விரல்கள் தளர்ந்த பிறகும், அம்மா வந்து பிரித்தெடுக்கிற வரைக்கும் விடவில்லை. அந்த நாலு மணி நேரத்தில்தான் எனக்கு உங்கள் பழைய பதில் போதுமானதாக ஆனது.

இப்போது தெருவில் சத்தம் குறைந்திருக்கிறது. பிள்ளைகளை உள்ளே கூப்பிட்டுவிட்டேன். தாழ்ப்பாளை இழுத்துப் பார்க்கிறேன், தண்ணீரைக் கொதிக்க வைக்கிறேன், ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறேன். நீங்கள் விட்டுப்போன பயம் முழுசாக என்னிடம் இருக்கிறது. அது குறையும் என்று தோன்றவில்லை. ஆனால் இந்த வீட்டிலோ பக்கத்திலோ யாராவது படுத்துவிட்டால், நான் எங்கே உட்கார வேண்டும் என்று எனக்குத் தெரியும் அத்தா.

உங்கள்
மைமூன்